வேங்கைப் பிசின் தேடிக் கோத்தகிரிக்கு

பிப்ரவரி 12, வியாழன். குஞ்சப்பனை

மேட்டுப்பாளையத்தில் வெயில் சுளீரென்று அடித்தது. கோத்தகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். மலைப்பாதை என்றாலே அவளுக்குக் குமட்டும். சாவடியில் எங்கள் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக்குக் கெடுபிடி அதிகம். அது நல்லதுதான். திருச்சியிலிருந்து செம்பாவது கொண்டு வந்திருக்கலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள்.

குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் ஒரு லாரி, இரண்டு கார், பைக்குகள். எல்லோரும் இன்ஜினை அணைத்திருந்தார்கள். யானை என்று கண்டக்டர் உதட்டை மட்டும் அசைத்தார். எங்கள் இடத்திலிருந்து மூங்கில் ஆடுவதுதான் தெரிந்தது. முக்கால் மணி நேரம் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் வந்த வெளியூர்க் கார் ஒன்று முந்தப் பார்த்தபோது லாரி டிரைவரே இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "அது போறப்ப போகும், நீங்க இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். குரலே உயரவில்லை. பக்கத்து சீட்டில் கீரைக் கட்டுகளோடு இருந்த அம்மா, அவித்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி அக்கா மடியில் வைத்தார். "வயித்தைக் காலியா விடாதீங்க, அப்பத்தான் புரட்டும்." சொன்ன மாதிரியே அக்காவுக்குக் குமட்டல் நின்றுவிட்டது.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். 2026 குடியரசு நாளையொட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் ஆர். கிருஷ்ணன், தமிழ்நாடு, கலை என்று ஒரு வரி இருந்தது. அதை ஒட்டியே மறைவுக்குப் பின் என்ற குறிப்பும் இருந்தது. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த ஓவியர் அவர், நீலகிரிப் பழங்குடிகளில் ஆலு குறும்பர். கிட்னா என்றால்தான் அங்கே தெரியும். அவர் படங்களின் அச்சுப் பிரதிகளைச் சில வருடங்களாக வகுப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். அந்தப் படங்கள் எந்த ஊரிலிருந்து, எந்தக் காட்டிலிருந்து, என்ன சாயத்தில் வந்தன என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாகவே உண்டு. விருதுச் செய்தியைப் படித்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

கோத்தகிரியில் இறங்கும்போது மணி ஐந்து. காற்று எலும்பில் இறங்கியது. விடுதியில் வெந்நீர் வரும் என்று ஃபோனில் சொன்னார்கள், வந்து கேட்டால் ஒரு வாளிக்கு 50 ரூபாய். அதையும் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கேட்கக் கூடாதாம். டீக்கடை வர்க்கி மட்டும் அருமை. சூடான டீயில் முக்கினால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. டீ 15 ரூபாய். கடைக்காரர் பச்சைத் தேயிலை விலையைப் பற்றி நொந்துகொண்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, "பேப்பர்ல பார்த்தோம்ங்க. இருக்கும்போதே குடுத்திருக்கலாம்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி. கோத்தகிரி

பள்ளத்துப் புல்வெளி காலை ஏழு மணிக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது, உறைபனி. எட்டரைக்கு வெயில் வந்ததும் போன இடம் தெரியவில்லை.

கிட்னா வீட்டுக்குப் போவதில்லை என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே நாங்கள் பேசி வைத்திருந்தோம். துக்கம் நடந்த வீட்டில் முன்பின் தெரியாதவள் போய் நின்று, படம் காட்டுங்கள், கதை சொல்லுங்கள் என்று கேட்பது முறையல்ல. விருதுக்குப் பிறகு அங்கே எத்தனை கேமராக்கள் போயிருக்குமோ. அதனால் என் தோழி ஒருத்தி மூலமாக, அதே பாணியில் வரைகிற ஒரு குறும்ப இளைஞரைப் பார்க்க ஏற்பாடு. தோழியின் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் சந்தித்தோம். "என் பேரைப் போடாதீங்க டீச்சர், படத்தைப் பத்தி எழுதுங்க" என்றார் தம்பி. சரி என்றேன்.

அவர் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகிறவர். நாள் கூலி 500 ரூபாய். எங்களுக்காக அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அது எனக்கு முதலில் தெரியாது, பேச்சுவாக்கில்தான் வந்தது.

பையிலிருந்து ஒரு பழைய டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தார். மூன்று அடுக்கு. மேலடுக்கில் கருஞ்சிவப்பாக, கண்ணாடிச் சில்லு போலச் சில துண்டுகள். வேங்கைப் பிசின். மரத்தில் கீறிவிட்டால் ரத்தம் போல வடிந்து காய்ந்து இப்படி ஆகிவிடும். இரண்டு துண்டை ஒரு கல்லில் வைத்து நுணுக்கி, வெந்நீரை விரலால் சொட்டு சொட்டாக விட்டுக் குழைத்தார். முதலில் கறுப்பாக இருந்தது. வெள்ளைக் காகிதத்தில் ஒரு இழு இழுத்ததும் செம்பழுப்பு. அக்கா சட்டென்று, "அடியே, நம்ம அப்பத்தா கொட்டாங்கச்சியில வச்சிருந்த சாந்துப் பொட்டு இதுதானே" என்றாள். பிள்ளைகளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதற்கு வேங்கைப் பால் காய்ச்சி வைப்பார்கள். தம்பிக்கு அதைக் கேட்டு ஒரே சந்தோஷம். எங்கள் ஊர்ப் பக்கம் எப்படிக் காய்ச்சுவார்கள், எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று அவர்தான் அப்புறம் எங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

நடு அடுக்கில் கரிமரத்துப் பட்டை, கறுப்புக்கு. கீழடுக்கில் ஈரத்துணியில் சுற்றிய காட்டவரை இலை. அதைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்தால் பச்சை. வெள்ளைக்கு ஒரு மண், சிவப்புக்கு இன்னொரு மண். தூரிகை என்று கடையில் விற்பது எதுவும் இல்லை. நுனி கருகிய குச்சி ஒன்று, துணி சுற்றிய குச்சி ஒன்று. கருகிய குச்சியால் கோடு, துணிக் குச்சியால் நிறம்.

தேன் எடுக்கிற படம் ஒன்று போட்டுக் காட்டினார். முதலில் காகிதத்தின் இடது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு, அது பாறை. பக்கத்தில் கொடி ஏணி, இரண்டு நீளக் கோடும் குறுக்குச் சிறு கோடுகளும். பாறையில் ஒட்டிக்கொண்டு அரை வட்டமாக அடை. அதைச் சுற்றிப் புள்ளிகள், அவை தேனீ. ஏணியில் ஒரு ஆள், தலை ஒரு சின்ன வட்டம், உடம்பு இரண்டு முக்கோணம், கையில் நீளக் கழி. பாறை உச்சியில் இன்னொரு ஆள், ஏணியைக் கட்டிய இடத்தில்.

"மேல நிக்கறது யாரு தம்பி?"

"மச்சான். பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். அவன்தான் காவல் நிக்கணும். தங்கச்சி தாலி இருக்கில்ல, அதனால விட மாட்டான்."

முகம் எதுவும் இல்லை. கேட்டேன். "முகம் போட மாட்டோம். கையில என்ன பிடிச்சிருக்கான், யாரு பக்கத்துல நிக்கறான், அது தெரிஞ்சா போதும்" என்றார். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கண், மூக்கு, உதடு என்று அளவு சொல்லி வரையச் சொல்வேன். இந்தப் படத்தில் யார் உயிர் யார் கையில் இருக்கிறது என்பது வரைக்கும் தெரிகிறது, மூக்கு இல்லாமலே.

இனி கிட்னாவைப் பற்றி. குறும்பர்களிடம் ஓவியம் என்பது முதலில் விற்கிற பொருளே இல்லை. கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் விழா, அறுவடை என்று வரும்போது போடுவது. அதை மண்ணுக்காரன் எனப்படும் பூசாரியும் அந்தக் குடும்பத்து ஆண்களும் போடுவார்கள், வாசலையும் சன்னலையும் சுற்றி வரும் பட்டையைப் பெண்கள் போடுவார்கள். சென்னையிலுள்ள சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் வெள்ளரிக்கொம்பை இளைஞர்களுக்குக் கைக்காகிதம் கொடுத்துப் பயிற்சி நடத்தியதும் இந்தக் கலையின் கதையில் முக்கியமான ஒரு கட்டம். கிட்னா தாத்தாவிடமிருந்து கற்றவர். காட்டுக்குள் இருக்கும் எழுத்துப் பாறையில் முன்னோர் வரைந்து வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர். கூலி வேலைக்கும் போவார், தேன் எடுக்கவும் போவார், வரைவது இதற்கெல்லாம் நடுவில். துணியில், காகிதத்தில், கட்டடச் சுவரில் என்று அவர் வேலை விரிந்துகொண்டே போனது.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. விருதுச் செய்தி வந்த எல்லா இடத்திலும் மூவாயிரம் வருடப் பழமை, அழியும் கலை, கடைசி ஓவியர் என்றே எழுதினார்கள். சரி, பழமை பெருமைதான். ஆனால் சுவரிலிருந்து காகிதத்துக்கு வருவது லேசுப்பட்ட காரியமா? சுவருக்கு ஓரம் கிடையாது, படம் போகிற போக்கில் போகும். காகிதத்துக்கு நாலு ஓரம். எங்கே தொடங்குவது, வட்டமாக நின்று ஆடுகிறவர்களின் வளையத்தை எங்கே மூடுவது, பிசின் காகிதத்தில் ஊறிப் பரவாமல் எவ்வளவு கெட்டியாகக் குழைப்பது, சாமி காரியத்துக்கு உரியதில் எதை வெளியாள் வாங்கிப் போகிற படத்தில் போடலாம், எதைப் போடக் கூடாது, இத்தனைக்கும் ஒருவர் உட்கார்ந்து முடிவு எடுக்க வேண்டும். நகரத்தில் ஒரு ஓவியர் எண்ணெய் வண்ணத்தை விட்டு, பொருட்களை இடத்தில் அமைத்துக் காட்டும் இன்ஸ்டலேஷனுக்குப் போனால் அவருடைய கலைப் பயணத்தின் அடுத்த கட்டம் என்று இரண்டு பக்கம் எழுதுகிறோம். கிட்னா செய்ததை மட்டும் மரபைக் காப்பாற்றினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவர் நம் காலத்து ஓவியர். நாம் வாழும் இதே வருடங்களில் யோசித்து வேலை செய்தவர்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் குச்சி நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எக்ஸிபிஷன்ல எங்க படத்துக்குக் கீழ குறும்பா பெயிண்டிங்னு போடுவாங்க டீச்சர். வரைஞ்சவன் பேரு இருக்காது" என்றார்.

அந்தத் தேன் படத்தை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். அவர் சொன்ன விலை அதுதான். அக்கா பேரம் பேச வாயெடுத்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்பக்கம் அவர் பெயரைக் கரியால் எழுதி வாங்கியிருக்கிறேன். வகுப்பில் மாட்டும்போது அந்தப் பெயரும் முன்னால் இருக்கும். அதற்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார்.

மதியம் அந்த வீட்டு அம்மா சாப்பிடாமல் விடவில்லை. படுகர் வீடு. ராகிக் களியும் அவரைக் குழம்பும். களியைக் கையில் உருட்டி நடுவில் குழித்துக் குழம்பைத் தொட்டு விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தார். அக்கா மூன்று உருண்டை வாங்கினாள்.

பிப்ரவரி 14, சனி. கோடநாடு

பாறை ஓவியம் பார்க்கிற ஆசை நடக்கவில்லை. கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூரில் பொறிவரை என்ற இடத்தில் தென்னிந்தியாவிலேயே பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. விசாரித்ததில், கிடைக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் பேசிய வனக்காவலர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காரணத்தையும் சொன்னார். மலையேற வந்தவர்கள் சாக்பீஸாலும் கத்தியாலும் அந்த ஓவியங்கள் மேலேயே தங்கள் பெயரை எழுதி, கீறி, கணிசமான பகுதியைப் பாழாக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான வருடம் மழையையும் குரங்கையும் தாங்கிய படங்கள். நான் வாதாடவில்லை. பூட்டியே இருக்கட்டும்.

அந்த ஏமாற்றத்தோடு கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர். ஆட்டோ போக வர 900 கேட்டார், 800க்கு வந்தார். வழியெல்லாம் தேயிலை. விளிம்பில் நின்று பார்த்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு அப்படியே கீழே விழுகிறது. தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர் ஒரு தகடாக மின்னியது. மாயாற்றங்கரையில் தெங்குமரஹடா, தீப்பெட்டி தீப்பெட்டியாக வீடுகள். இந்தச் சரிவுகளில்தான் எங்கோ வேங்கை நிற்கிறது, காட்டவரை படர்ந்திருக்கிறது, பெருந்தேன் அடை தொங்குகிறது.

ஆட்டோ ஓட்டிய அண்ணன் இருளர். வண்டி வாங்குவதற்கு முன்னால் தேன் எடுக்கப் போனவர். 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகு தேன், பிசின் போன்ற சிறு வனப்பொருளைச் சேகரிக்கும் உரிமை பழங்குடிகளுக்கு எழுத்தில் இருக்கிறது. நடைமுறையில் எப்படி என்று கேட்டேன். "ஆபீசர் நல்லவரா இருந்தா போகலாம்ங்க, இல்லைன்னா திரும்பி வரணும்" என்றார். நேற்றுத் தம்பி டிபன் பாக்ஸைத் திறந்தபோது இது எனக்குத் தோன்றவில்லை. அந்த மூன்று அடுக்கும் நிரம்ப வேண்டும் என்றால் அவர் காட்டுக்குள் போயாக வேண்டும். எனக்குச் சாயம் தீர்ந்தால் மலைக்கோட்டை பக்கத்துக் கடைக்கு நடந்து போகிறேன். அவருக்கு அந்தக் கடைக்குப் போகிற வழியில் ஒரு கேட் இருக்கிறது, அந்தக் கேட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறார். பழங்குடிக் கலையை வளர்க்கிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இதைப் பேச வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

சாயங்காலம் மூடுபனி இறங்கி, ஐந்து மணிக்கே ஹெட்லைட் போட்டுத்தான் திரும்பினோம். விடுதியில் வெந்நீர் இல்லை. மோட்டார் ரிப்பேராம். அக்கா போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு. இறக்கம்

சிவராத்திரி என்பதால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பாதிப் பேர் வெள்ளியங்கிரி போகிறவர்கள், கையில் மூங்கில் கழி. என்னிடம் படத்தைச் சுருட்டி வைத்த அட்டைக் குழல். ஒரு திருப்பத்தில் கூட்டம் சாய்ந்ததில் குழல் நசுங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் கீழோரத்தில் ஒரு மடிப்பு, நல்லவேளை பாறைக்கும் ஏணிக்கும் ஒன்றும் ஆகவில்லை. எதிரே நின்ற பெரியவர் விஷயம் என்னவென்று கேட்டு, தன் மூங்கில் கழியோடு சேர்த்துக் குழலைத் துண்டால் கட்டிக் கோவை வரைக்கும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். தேன் அடைக்கு நான் காட்டிய அரை வட்டத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளியங்கிரியிலயும் இருக்கும்மா, ஆறாவது மலையில பார்த்திருக்கேன்" என்றார். கோவையில் இறங்கியதும் கழியிலிருந்து குழலை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் பூண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பெயர்கூடக் கேட்கவில்லை.

திருச்சி போய்ச் சேர ராத்திரி பதினொன்று. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அக்காவுக்குக் கால் வீக்கம்.

பிப்ரவரி 21, சனி. திருச்சி

தம்பி ஃபோன் செய்தார். பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு நாலு நாள் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். கோடை விடுமுறை முகாமுக்கு, மே மாதம். ஓவிய முகாம் என்றால் எல்லோரும் மே மாதத்தில்தானே வைக்கிறோம்.

"மே மாசம் ஆகாது டீச்சர். தேன் சீசன். பாறைக்குப் போகணும். நான் போகலைன்னா மச்சான் தனியா நிப்பான்."

சரி, ஆகஸ்ட் என்று பேசி முடித்திருக்கிறோம். விடுமுறை முகாமாக இல்லாமல் பள்ளி நாட்களிலேயே, மதியத்துக்கு மேல். பிசினும் பட்டையும் அவரே கொண்டு வருவார். இலைதான் கஷ்டம், வழியிலேயே வாடிவிடும். பச்சைக்கு இங்கே கிடைக்கிற அவரை இலையைப் பிழிந்து பார்க்கலாம் என்கிறார், நிறம் எப்படி நிற்கும் என்று அவருக்கும் தெரியாது. நாளை காலை எங்கள் கொல்லையில் படர்ந்திருக்கும் கொடியில் நான் பிழிந்து பார்க்கிறேன்.

தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நாலு நாளுக்கு அவருடைய கூலியும் வழிச்செலவும் தங்கும் செலவும் போக, கற்பிப்பதற்குத் தனியாக 8,000 ரூபாய் கேட்டிருக்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் போன வருடம் ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு இதைவிட அதிகம் கொடுத்தார்கள், அதனால் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மறுத்தால் பழைய மாணவர்களிடம் கேட்பேன். அழைப்பிதழில் குறும்ப ஓவியப் பயிற்சி என்பதற்கு மேலே, பெரிய எழுத்தில், அவர் பெயர்.

திருச்சியில் இருப்பவர்கள், ஆகஸ்டில் வர விருப்பம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். தேதி முடிவானதும் சொல்கிறேன். பிசின் கறை போகாது, பழைய சேலையில் வாருங்கள்.